கோயிற்காடும் ஆலோசகர் கடமையும்

நந்தவனம் வைத்தலும் நிழன்மரம் நாட்டலும் சிவபுண்ணியங்களென்று மாணாக்கருக்குப் போதியாத சைவாசிரியர் இலர். ஆயின், எந்த மரத்தை எந்த நிலத்தில் எந்தக் காலத்தில் நாட்டுவது, நாட்டியபின் யார் காப்பது என்று ஒருவர் வந்து வினாவின், தெளிந்து விடை கூறவல்லார் மிகச் சிலரேயாவர். மாரி தொடங்கியவுடன் ஊர்தோறும் மரநடுகை நடைபெறுகின்றது. கன்று கொடுப்போரும் படம் பிடிப்போரும் பிரசங்கஞ் செய்வோரும் பலர். "வாத்தியார், என்ன வைப்பது, எங்கே வைப்பது?" என்னும் வினா வருவதோ பெரும்பாலும் பாடசாலை ஆசிரியரிடத்திலேயாம். அவர் தாம் வேண்டாமலே ஆலோசகராகின்றார். ஆதலின், அவ்வாலோசனைத் தொழில் எத்தன்மைத்தென்பதை இப்பாடத்தில் ஆராய்வாம்.

சென்ற வருஷம் ஐப்பசி மாசத்தில் வலிகாமத்து ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வந்து ஒரு சங்கதி சொன்னார். அவர் கற்பிக்கும் பாடசாலைக்கு அயலிலுள்ள சிவன்கோயிலுக்கு எட்டுப் பரப்பு வெறுநிலம் உண்டு. பிறதேசத்தில் வாழும் அன்பர் ஒருவர் அந்நிலத்தைச் சோலையாக்க விரும்பி, நாகலிங்கக் கன்று நூறு வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். இலிங்கத்தின்மேல் நாகம் படமெடுத்தாற்போலப் பூக்கும் மரமாதலின், சிவன்கோயிற் சோலைக்கு அதனினும் பொருந்துவது யாதென்பது அவர் கருத்து. கோயிற் தருமகர்த்தாவும் மகிழ்ந்து உடன்பட்டார். ஆசிரியர் மனத்தில் மாத்திரம் ஓர் ஐயம் இருந்தது. கொடுப்பவரோ பெரியவர், அவர் கருதியதோ புண்ணியம், "வேண்டா" என்று எவ்வாறு சொல்வது? இதுவே அவர் எம்மை வினாவியது.

யாம் உடனே விடை கூறாமல், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தின் முன் யப்பான் தேசத்தில் நிகழ்ந்த ஒன்றை அவருக்குச் சொன்னோம். பிறசமயத்தார் கோயிற்கதை சைவருக்கு என்ன பயன்றருமென்று கேட்பார் உளராயின், மண்ணுக்கும் மரத்துக்கும் சமயபேதம் இல்லையென்பதே எமது மறுமொழி.

யப்பானியச் சக்கரவர்த்தியாகிய மெயிஜி என்பவர் 1912ஆம் வருஷத்திலும், அவர் தேவியார் 1914ஆம் வருஷத்திலும் காலமாயினர். அவ்விருவர் பொருட்டுந் தலைநகராகிய தோக்கியோவில் ஒரு கோயில் எடுக்கத் துணிந்தனர். அதற்குத் தெரிந்துகொண்ட இடம் யொயொகி என்பது. ஷிந்தோ மதத்தார் தங்கோயில்களைச் சூழக் காடு வைத்துப் பேணுதல் தொன்றுதொட்ட வழக்கம். இங்கோ சிறிது மரச்செறிவு ஒழிய, நிலத்தின் பெரும்பகுதி புல்லும் புதரும் பயிர்நிலமுமாய்க் கிடந்தது. ஆகவே ஏறக்குறைய 70 ஹெக்டேயர் பரப்பிற் காட்டையே புதிதாக உண்டாக்கவேண்டியதாயிற்று. 1915ஆம் வருஷத்தில் வேலை தொடங்கிற்று. காடு ஆக்கும் உபாயஞ் சொல்லுதற்கு அமர்ந்தவர் மூவர். மூத்தவர், யேர்மனிக்குச் சென்று வனவியல் கற்றுத் திரும்பிய ஹொந்தா செயிரொக்கு. அவர்க்குத் துணையாயினார் ஹொங்கோ தகனோரி என்பவரும், அக்காலத்து முப்பது வயதும் நிரம்பாத உயெஹரா கெயிஜி என்பவரும்.

அப்பொழுது பிரதமமந்திரியாயிருந்தவர் ஒக்குமா சிகெநொபு. அவர் விரும்பியது சுகி மரம். சுகி என்பது ஊசியிலையுடையதாய், தூண்போல நேராய், வானளாவி ஓங்கும் மரம். இசே, நிக்கோ முதலிய புகழ்பெற்ற கோயில்களுக்கு மாட்சிமை தருவது அதுவே. சக்கரவர்த்தியின் கோயிலுக்குச் சுகிக்காடே தகுமன்றி, அகன்ற இலைமரங்கள் அடர்ந்த புதர்போலுங் காடு தகாதென்று அவர் சாதித்தார். கருத்திற் பிழையில்லை, பக்தியிலுங் குறைவில்லை. ஆயினும் ஆலோசகர் மூவரும் உடன்பட்டிலர்.

அவர் மறுத்தது வாய்ச்சொல்லால் மாத்திரமன்று. சுகி ஈரமுள்ள பள்ளத்தாக்குகளிலே செழிப்பது. யொயொகியோ நீர் விரைந்து வற்றும் மேட்டுநிலம். அன்றியும் தோக்கியோவின் தொழிற்சாலைப் புகையும் புகைவண்டிப் புகையும் ஊசியிலை மரங்களை வாட்டி வந்தன. இவற்றைக் கண்கூடாகக் காட்டுதற்பொருட்டு, நிக்கோவில் வளர்ந்த சுகியின் வளர்ச்சியையும் தோக்கியோவில் வளர்ந்த சுகியின் வளர்ச்சியையும் ஒப்பிட்டனர். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வருஷத்துக்கு ஒன்றாக வளையங்கள் தோன்றும். அவற்றை எண்ணியும் அகலத்தை அளந்தும், அந்த மரம் எந்த வயதில் எவ்வளவு வளர்ந்ததென்று கணித்தல் கூடும். தோக்கியோச் சுகி தளர்ந்து நின்றமை அக்கணிதத்தால் விளங்கிற்று. அதனைக் கண்ட பின்னரே பிரதமமந்திரி தமது கோட்பாட்டை விட்டனர். ஒரு தேசத்தின் பிரதமமந்திரிக்கு வெட்டுமரத்தைக் காட்டி "ஆகாது" என்ற துணிவை எண்ணுமிடத்து, எமக்கு அம்மூவரிடத்தும் அந்தப் பிரதமமந்திரியிடத்தும் ஒப்ப மதிப்பு உண்டாகின்றது.

இனி அவர் வகுத்த திட்டத்தைக் காண்போம். அது 150 வருஷத்துக்கு உரியது. முதலிலே உயர்ந்த பைன் மரங்கள் மேலோங்கி நிற்கும். அவற்றின் கீழ் ஹினோக்கி, சவரா முதலிய ஊசியிலை மரங்கள். அவற்றினுங் கீழே கஷி, ஷீ என்னும் ஓக்குக் குடும்பத்து மரங்களும் கர்ப்பூரமரமும் சிறு கன்றுகளாய் நிற்கும். ஏறக்குறைய ஐம்பது வருஷத்திற் பைன்களை ஹினோக்கி முதலியன வென்று மேலெழும். நூறு வருஷமாகும்பொழுது, கீழே பொறுத்து நின்ற ஓக்கும் கர்ப்பூரமுமே தலைமை பெறும். அதன்மேல் அவற்றின் விதை வீழ்ந்து அவற்றின் கன்றே முளைத்து, மனிதர் கை வேண்டாத காடாகும். முதலில் வைத்த பைன், ஓங்கி நின்று காட்டுக்குக் காட்சி தந்து, பின்வருவனவற்றுக்கு நிழல் கொடுத்து ஒழியும்பொருட்டே வைக்கப்பட்டது. திட்டம் வகுத்த மூவரும் அதன் முடிவைக் காணமாட்டாரென்பது அவர்க்கே தெரியும். ஹொந்தா 1952ஆம் வருஷத்திலும், உயெஹரா 1981ஆம் வருஷத்திலும் இறந்தனர். (கர்ப்பூரமரம் என்றது நாம் ஆராதனையிற் கொளுத்துங் கர்ப்பூரத்தைத் தன் கட்டையிலிருந்து முற்காலத்துத் தந்துவந்த அந்த மரமே. இக்காலத்துக் கடையிற் கிடைப்பது பெரும்பாலும் பைன்மரத் தைலத்திலிருந்து செய்யப்படுவது. இதனை மாணாக்கருக்குச் சொன்னால் மறவார்கள்.)

தேசமெங்கும் இருந்து குடிகள் கொடையாக அனுப்பிய மரங்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். அவை 365 இனத்தன. நாட்டுதற்கு வந்த வாலிபச் சங்கத்தார், நாட்கணக்கில் ஒருவரைப் பலமுறை எண்ணின், ஒரு லட்சத்துப் பதினாயிரம் பேர். 1920ஆம் வருஷம் நவம்பர் மாசம் 1ஆந் திகதி கோயிற் பிரதிட்டை நிகழ்ந்தது. அன்று தொட்டுக் காட்டிலிருந்து ஒன்றையும் வெளியே கொண்டுபோகலாகாது என்பது விதி. வழிகளில் உதிர்ந்த சருகைப் பெருக்குவோர், அதனை எரியாமலும் குப்பையிற் கொட்டாமலும், மரத்தடியிலேயே திரும்ப இடுகின்றனர். 1945ஆம் வருஷத்து விமானத் தாக்குதலிற் கோயிற் கட்டடங்கள் எரிந்தன. காடு பெரும்பாலும் எரியாமல் நின்றது. கோயிலை 1958ஆம் வருஷத்தில் மீளக் கட்டினர்.

கோயிலின் நூற்றாண்டை முன்னிட்டுச் செய்து 2013ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அக்காட்டில் ஏறக்குறைய 36,000 மரங்களும் 234 இனங்களும் எண்ணப்பட்டன. இவ்விடத்து ஆசிரியர் சிறிது நிற்றல் வேண்டும். ஒரு லட்சம் முப்பத்தாறாயிரமாயிற்று. 365 இனம் 234 ஆயிற்று. இஃது அழிவன்றோ எனின், அன்று. சிறுகன்றுகள் பெருமரமாகும்பொழுது இடம் போதாமையாற் பல ஒழிதல் இயல்பு. குளிர்நாட்டிலிருந்தும் வெப்பநாட்டிலிருந்தும் அன்பினால் அனுப்பப்பட்ட இனங்களுள் அந்நிலத்துக்கு ஒவ்வாதன தாமே நீங்கின. இத்தனை ஆயிரங் கன்று நாட்டினோம் என்று முதல்நாட் கணக்கை மாத்திரம் பத்திரிகையில் எழுதும் நம்மவர், பத்தாம் வருஷத்துக் கணக்கை எழுதுவதில்லை. ஆலோசகர்க்கு வேண்டுவது பிந்தியதே.

அம்மூவரும் எந்த மரம் அந்நிலத்தில் நிலைக்குமென்று எங்ஙனம் அறிந்தனர்? பழைய காடுகளைப் பார்த்தறிந்தனர். பழங்காடு ஒன்று, சக்கரவர்த்தி நின்தொக்கு என்பவருக்கு உரியதாகச் சொல்லப்படும் பெருஞ் சமாதிமேட்டில், ஒசாகாவை அடுத்த சகாயில், நின்றது. அதனையும் உயெஹரா மாதிரியாகக் கொண்டார். பிற்காலத்து மியவாக்கி அகிரா (1928–2021) என்னும் தாவரவியலறிஞர் இந்நெறியை மேலும் விரித்து, மனிதர் கை நீங்கினால் ஒரு நிலம் தானாகவே எந்தக் காட்டை விளைக்குமென்று ஆராய்ந்தார். ஊர்களிற் பழைய மரம் யாவும் வெட்டுண்டபோதும், தெய்வத்துக்கு அஞ்சி வெட்டாதுவிட்ட கோயிற்காடுகள் அவருக்குச் சாட்சியாயின. அவர் பெயரால் இக்காலத்து நெருக்கி நாட்டும் முறையொன்று நம் தேசத்திலும் பரவுகின்றது. சிலர் நெருக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, கிடைத்த கன்றையெல்லாம் கலந்து வைக்கின்றனர். அவருபாயத்துக்கு உயிர் நெருக்கமன்று; அந்நிலத்துக்குரிய இனத்தைத் தேர்தலே உயிர். எட்டு மாசம் வெயில் காயும் நிலத்தில் நீருக்காக ஒன்றோடொன்று போரிடும்படி கன்றுகளை நெருக்கலாமோ என்பதும் தனியே ஆராயத்தக்கது.

கோயில் மரம் நிலத்துக்குச் சாட்சி என்னும் இக்கருத்து நமக்குப் புதிதன்று. நம் தலங்களின் பெயரையும் தலவிருட்சத்தையும் நோக்குக. சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்பது பெயர். தில்லை உவர்நீர்ச் சதுப்பில் வளரும் மரம். அதனைக் காண விரும்புவோர் இன்று கடலை அடுத்த பிச்சாவரத்துக்குச் செல்கின்றனர்; நம் கடனீரேரிக் கரைகளிலும் அதனைக் காணலாம். ஆலங்காடு, கடம்பவனம், வேணுவனம் என வருவனவும் அவ்வாறே. திருக்கேதீச்சரத்துத் தலவிருட்சமாகிய வன்னி, ஆழ வேரூன்றி வறட்சியைப் பொறுக்கும் மரம். வறண்ட மாந்தைக்கு அது பொருந்தியமை காண்க. ஊர்ப்பெயர்களும் இவ்வாறு உதவும்: நாவற்குழி, மருதங்கேணி, இலுப்பைக்கடவை, தாழையடி, புளியங்குளம். பெயர் முடிந்த பிரமாணமாகாது. ஆயினும் மண்ணைத் தோண்டுமுன் கேட்கத்தக்க முதற்சாட்சி அது.

இதற்கு மறுதலையும் நம் நாட்டிலேயே உண்டு. வறட்சியும் உவரும் பொறுக்குமென்று கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், வன்னிக்கு உறவினதாயினும், அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பூந்தலவிலும் மன்னார்ப் பகுதியிலும் பரந்து, பிற மரஞ்செடிகளை நெருக்குகின்றது. கொண்டுவரச் சொன்ன ஆலோசகர் இன்றில்லை, மரம் இருக்கின்றது.

யாமும் பிழைத்ததுண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடசாலையார் கேட்டபோது, திருவிடைமருதூரை நினைந்து, மருதங்கன்று அறுபது வைக்கும்படி சொன்னோம். மருது ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் தழைக்கும் மரமென்பது எமக்குத் தெரியாததன்று. படலையில் நின்று செம்மண்ணைப் பார்த்து நல்ல நிலமென்று மகிழ்ந்தோமேயன்றித் தோண்டிப் பார்த்திலோம். ஒரு முழத்தின் கீழ் வெண்மையான சுண்ணக்கல் இருந்தது. மூன்றாம் ஆவணியில் அங்கே ஒரு மருதும் இல்லை. பிள்ளைகள் தங்கள் பெயரெழுதிக் கட்டிய பலகைகள் மாத்திரம் குச்சிகளிலே தொங்கின. அவற்றைப் பார்த்த அன்று எமக்குண்டான நாணம் இன்னும் தீர்ந்திலது.

ஆதலின், ஆலோசனை கேட்கப்படும் ஆசிரியர் முதலில் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு செல்க. நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் தோண்டி, கல் எத்தனை சாணில் வருகின்றதென்று குறித்துக்கொள்க. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேற் கிடப்பது. மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒழிய ஆறு இல்லை. ஒரே வளவில் ஒரு மூலை ஆழ்ந்த செம்மண்ணாயும் மற்ற மூலை வெறுங்கல்லாயும் இருத்தலுண்டு. கிணற்று நீரை மாரியிற் சுவைத்தல் போதாது; சோளகம் வீசும் ஆடி ஆவணியிற் சுவைத்து உவரேறுகின்றதா என்று காண்க. பின்னர் அயலிலுள்ள பழைய கோயில், சுடலை, வேலியோரம் ஆகிய இடங்களில் நீர் ஊற்றுவாரின்றி நிற்கும் முதுமரங்களை எழுதிக்கொள்க. வேம்பு, இலுப்பை, புளி, விளா, கொன்றை, பாலை, வீரை, பூவரசு, பனை என்று அப்பட்டியல் பெரும்பாலும் வரும். ஊர் முதியோரைக் கேட்டால் வெட்டப்பட்டவற்றின் பெயரும் கிடைக்கும்.

மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிகின்றது. கன்று வேரூன்றுதற்குள்ள அவகாசம் அவ்வளவே. தையில் விழாக்கொண்டாடி நாட்டுதல், கன்றை வெயிலுக்கு ஒப்புக்கொடுத்தலாம். கன்று வாங்குமிடத்து உயர்ந்ததைத் தேடாது, பையைக் கிழித்து வேரைப் பார்க்க. வேர் பைக்குள்ளே சுருண்டிருந்தால், அது எத்துணை அழகியதாயினும் வேண்டா. விதையிட்டு வளர்ப்பதாயின் வேப்பம்விதையையும் இலுப்பைவிதையையும் சேமித்துவைத்தல் கூடாது. சில வாரங்களில் முளைக்கும் ஆற்றல் போய்விடும். பழம் விழுந்தவுடன் இடுக. பனம்விதையை எல்லையோரத்தில் மழைக்கு முன் புதைத்தாற் போதும். ஆயின் அது வடலியாய் நிற்குங் காலம் நீண்டதென்பதை முன்னரே சொல்லிவைக்க.

எல்லாவற்றினும் முக்கியமான வினா, யார் நீர் ஊற்றுவது என்பது. கோடையின் கடுமை முற்றிய ஓகஸ்ட் மாசத்திற் பாடசாலைக்கு விடுமுறை. பள்ளிக்கூட மரங்கள் பெரும்பாலும் அம்மாசத்திலே சாகின்றன. ஆடு தின்றது என்பது அடுத்த காரணம். இவ்விரண்டுக்கும் ஏற்பாடில்லாத இடத்தில், கன்று நூறு வைக்கலாமென்று சொல்லும் ஆலோசகர் தம் கடமையிற் தவறினவராவர்.

இவற்றை யாம் சொல்லக் கேட்டபின், அவ்வாசிரியர் சென்று எட்டுப் பரப்பிலும் ஆறு குழி தோண்டினார். நான்கில் ஒரு முழத்துக்குள்ளே கல் வந்தது. கிணற்றை அடுத்த இரண்டில் மண் ஆழ்ந்திருந்தது. நாகலிங்கம் தென்னமெரிக்காவின் ஈரக்காட்டிலிருந்து வந்த மரம். அதனைச் சிவன்கோயிலில் வைத்தலாகாது என்று யாம் சொல்லவில்லை. பல கோயில்களில் அது நன்றாகவே நிற்கின்றது. அந்த மேட்டுக்கல்லில் நூறு நில்லா என்றே சொன்னோம். ஆசிரியர் குழிகளின் அளவை எழுதி, படமும் எடுத்து, அன்பருக்கு அனுப்பினார்: பூசைக்குப் பூத்தரும்படி கிணற்றடியில் நாகலிங்கம் ஒன்று, மேட்டில் முதலில் நிழலுக்கும் பசளைக்குமாகச் சீமைக்கிளுவையும் பூவரசும், அவற்றின் இடையே இலுப்பை, வேம்பு, கொன்றை, பாலை, வீரை, கிளுவையைச் சில வருஷத்திற் தறித்து மரத்தடியில் இட்டுவிடலாம், எஞ்சிய பணத்தை வேலிக்கும், நீர்த்தொட்டிக்கும், மூன்று வருஷக் காவற்கூலிக்கும் கொடுத்தருளல் வேண்டும், பாலை பெருமரமாதலை நம்மிருவருள் ஒருவருங் காணோம்.

ஒரு மாசம் மறுமொழி இல்லை. புண்ணியத்தைத் தடுத்தீர் என்று தருமகர்த்தா ஆசிரியரோடு பேசாதும் இருந்தார். கார்த்திகை நடுவில் அன்பர் பணம் அனுப்பினார். பாலையின் எண்ணிக்கையைக் கூட்டும்படி மாத்திரம் எழுதியிருந்தார். மழைக்குள்ளே நாட்டுவேலை முடிந்தது. கோயில் முற்றத்துச் சருகை எரிக்கும் வழக்கத்தை நிறுத்தி, கன்றுகளின் அடியிற் பரப்புவதற்கும் தருமகர்த்தா பின்னர் இசைந்தார்.

இவ்வருஷம் ஆவணியில் யாம் சென்று பார்த்தோம். விடுமுறையில் நீர் ஊற்றியவர் காவற்காரரும் ஏழாம் வகுப்பு மாணாக்கர் இருவரும். கிளுவையும் பூவரசும் நீங்கலாக வைத்த கன்று நூற்று நாற்பது. நின்றவை நூற்றுப் பன்னிரண்டு. பாலை ஒரு சாண்தான் உயர்ந்திருந்தது. பட்டுப்போன இருபத்தெட்டும் எவ்வெவ்விடத்தன, எவ்வெவ்வினத்தன என்பதை அம்மாணாக்கர் ஒரு கொப்பியிலே திகதியுடன் எழுதி வைத்திருந்தனர்.